வரியும் வைத்தியசாலையும்

செஞ்சியை அடுத்த தளவானூரில் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலைக் காண்போர் சிற்பியைப் புகழ்வார்கள். எனக்கோ, இதற்கு வரி கொடுத்தவன் யார் என்றுதான் யோசனை ஓடும். அவன் பெயர் அங்கே இல்லை.

நானூறு ஆண்டுகளுக்குப் பின், வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு கணக்கை விளக்குகிறது. வயலைக்காவூரின் வருவாய் கோயிலுக்கு. அதிலிருந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை. வைத்தியருக்கு இத்தனை கலம் நெல், சல்லியக்கிரியை செய்பவருக்கு இத்தனை, மருந்திடும் பெண்களுக்கு இத்தனை. நாவிதரைக்கூட விடவில்லை! ஆனால் அங்கே படுத்தவர்கள் கோயில் ஊழியரும் பாடசாலை மாணவரும். வரி கொடுத்த உழவனுக்குக் கட்டில் உண்டா? பேச்சே காணோம்.

2018-இல் மத்திய அரசு வருமான வரியின் மேல் 4 சதவிகிதம் சுகாதார, கல்வி மேல்வரி விதித்தது. மேல்வரியில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. ஏழைகள் வரிசையில் நிற்கிற ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவற்றை நடத்துவதோ, ஐயா, மாநிலங்கள்தாம்.