கிர்க்கி தோட்டாவும் கலிபோர்னியா கழுகும்

புனேக்காரர்களுக்கு கட்கி தெரிந்திருக்கும். வெள்ளைக்காரன் வாயில் அது கிர்க்கி. அங்கே 1869-ல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது.

அந்தக் காலத்துத் தோட்டா என்றால் காரீயம்தான். (நம்ம ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், பயப்படாதீங்க.) துப்பாக்கியின் வேகம் கூடியதும் ஈயத்துக்கு மேல் செம்புக்கலவை உறை போட்டார்கள். வேட்டைக்கு மட்டும் முனையை உறையில்லாமல் விட்டார்கள், உடம்புக்குள் போனதும் விரியட்டும் என்று. கல்கத்தா பக்கம் டம்டமில் 1890-களில் செய்த இந்த வகையை, 1899 ஹேக் மாநாடு போரில் தடை செய்தது. மனிதனுக்குக் கூடாது, மானுக்கு ஆகலாம்!

விரிவதோடு விட்டால் பரவாயில்லை, ஈயம் துணுக்குகளாகவும் சிதறும். வேட்டைக்காரன் காட்டில் விட்டுப்போன குடலைத் தின்ற காண்டார் கழுகுகள் கலிபோர்னியாவில் விஷமேறிச் செத்தன. 1987-ல் உலகத்திலேயே மிச்சம் 27. 2019 முதல் அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயத் தோட்டா கிடையாது. பதிலுக்கு வந்த முழுச்செம்புத் தோட்டா விரியும், அவ்வளவாகச் சிதறாது. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்கு நீளம் கூடும். அதனால் கொஞ்சம் எடை குறைந்ததாகவே வாங்குகிறார்கள்.

இந்தியாவில் 1972 சட்டத்தோடு வேட்டை முடிந்தது. நம் பாறு கழுகுகளைக் கொன்றது ஈயமல்ல, மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி. 2006-ல் தடை வந்தது.

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களே, பக்கத்து வீட்டுக்காரர் ஆசையாக மான்கறி கொடுத்தால், குழந்தைக்கு ஊட்டும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்: ஈயமா, செம்பா?