இரிடியம்: கடன் கவிழ்த்தது, வானம் காத்தது

மோட்டோரோலாவின் பொறியாளர்கள் மூவர் 1987இல் போட்ட திட்டம் அது. உலகின் எந்த மூலையிலிருந்தும் கையடக்கப் போனில் பேச 77 செயற்கைக்கோள்கள் வேண்டும் என்பது முதல் கணக்கு. அணு எண் 77 கொண்ட தனிமம் இரிடியம் என்பதால் அந்தப் பெயரை வைத்தார்கள். பின்னர் 66 போதும் என்றானது; பெயர் அப்படியே நின்றுவிட்டது.

இத்தனை செயற்கைக்கோள்கள் எதற்கு? 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் சிலவே போதும். ஆனால் சின்னக் கருவியின் அலை அங்கே எட்டுவது கடினம், பதில் வரவும் தாமதமாகும். இரிடியம் 780 கிலோமீட்டரில், சுமார் 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகிறது. தலைக்கு மேல் வந்தது சில நிமிடங்களில் அடிவானத்தில் இறங்கிவிடும். அதற்குள் அழைப்பை அடுத்ததிடம் ஒப்படைத்தாக வேண்டும். முன்னும் பின்னும் இருபுறமும் உள்ள அண்டைச் செயற்கைக்கோள்களோடு ஒவ்வொன்றும் நேரடியாகவே பேசும். நடுக்கடலில் கிளம்பிய குரல் இடையில் தரையே தொடாமல் வானிலேயே கைமாறிக் கைமாறிக் கண்டம் தாண்டும். அந்தக் காலத்துக்கு இது அசாத்தியமான வேலை.

செலவு 500 கோடி டாலருக்கு மேல். செல்போன் கம்பெனி என்றால் ஒரு ஊரில் கோபுரம் நட்டு, வந்த வருமானத்தில் அடுத்த ஊருக்குப் போகலாம். இங்கே வலை முழுதாக விரிந்தால்தான் வியாபாரம். வட்டி அதுவரை பொறுக்காது. 1998 நவம்பரில் சேவை தொடங்கியபோது சாதாரண செல்போன் ஊரெல்லாம் பரவியிருந்தது. இரிடியம் போனோ சுமார் 3,000 டாலர், கட்டடத்துக்குள் எடுக்காது. 1999 ஆகஸ்ட் 13இல் திவால் மனு.

இந்திய நிதி நிறுவனங்களின் பணமும் அதில் போயிற்று. இரிடியம் இந்தியா டெலிகாம், ஏமாற்றப்பட்டோம் என்று மோட்டோரோலா மீது தொடுத்த வழக்கில், குற்ற நோக்கம் தேவைப்படும் குற்றத்துக்கும் ஒரு கம்பெனி மீது வழக்கு நடத்தலாம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலீட்டாளருக்கு அது முக்கியமான தீர்ப்பு.

செயற்கைக்கோள்களை இறக்கி எரித்துவிடத் திட்டம் தயாராக இருந்த நேரத்தில், 2000இன் இறுதியில், டான் கொலுஸி தலைமையிலான குழு மொத்தத்தையும் சுமார் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 7.2 கோடி டாலருக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டது. பழைய கடன் இல்லாததால் கப்பலும் விமானமும் ராணுவமும் கொடுத்த வருமானமே போதுமானதாக இருந்தது. தோற்றது தொழில்நுட்பம் அல்ல, அதன் மேல் ஏற்றிய கடன் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்த தலைமுறைக்கு 300 கோடி டாலர் தேவைப்பட்டபோது கடன் கொடுத்தவர்களுக்குக் காட்ட, பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் கையில் இருந்தார்கள். பிரெஞ்சு ஏற்றுமதிக் கடன் அமைப்பின் உத்தரவாதத்தோடு 180 கோடி டாலர் கடன் கிடைத்தது. 2017 முதல் 2019 ஜனவரி வரை ஃபால்கன் ராக்கெட்டுகளில் 75 புதிய செயற்கைக்கோள்கள் ஏறின.