ஜப்பானும் உறுப்பு தானமும் - ஒரு பழைய சந்தேகத்தின் கதை

போன வாரம் வகுப்பில் உறுப்பு தானம் பற்றிப் பேச்சு வந்தது. "ஜப்பான்காரன் எல்லாத்துலயும் முன்னாடி நிக்கிறான், அங்க யாரும் சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ காத்திருக்கவே வேண்டாம்" என்றான் நண்பன் ஒருவன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தேடிப் படித்த பிறகுதான் விஷயம் நேர் எதிர் என்று தெரிந்தது.

1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்ட், மனிதரின் இதயத்தை எடுத்து இன்னொரு மனிதருக்குப் பொருத்தினார். உலகிலேயே அதுதான் முதல் தடவை. பிறகு நாட்டுக்கு நாடு போட்டி போட்டுக்கொண்டு செய்ய ஆரம்பித்தார்கள். (நம் பம்பாயில்கூட 1968 பிப்ரவரியில் டாக்டர் பி.கே. சென் செய்து பார்த்தார். நோயாளி சில மணி நேரமே உயிரோடு இருந்தார்.) 1968 ஆகஸ்ட் 8ஆம் தேதி ஜப்பானும் இந்த வரிசையில் சேர்ந்தது. இடம், சப்போரோ மருத்துவப் பல்கலைக்கழகம். செய்தவர் டாக்டர் ஜுரோ வாடா. கடலில் மூழ்கிய 21 வயது மாணவர் ஒருவரின் இதயத்தை 18 வயது இளைஞர் ஒருவருக்கு வைத்தார். நாடே கொண்டாடியது. அந்த இளைஞர் 83 நாட்கள் வாழ்ந்தார்.

அவர் இறந்த பிறகு கேள்விகள் கிளம்பின. மூழ்கிய மாணவருக்கு உண்மையிலேயே மூளைச்சாவு ஏற்பட்டிருந்ததா? மூளை முழுவதுமாகச் செயலிழந்தும், கருவியின் உதவியால் மூச்சும் இதயத்துடிப்பும் ஓடிக்கொண்டிருக்கும் நிலைதான் மூளைச்சாவு. அதை எப்படிக் கண்டறிவது என்று ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்றின் அறிக்கை வெளியானதே ஆகஸ்ட் 5ஆம் தேதிதான், அதாவது இந்த அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பு! சப்போரோவில் மாணவரின் மூளை அலைகளைச் சோதித்ததற்கு முறையான பதிவு எதுவும் கிடைக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று முடிவு செய்ததும் இதயத்தை எடுத்ததும் ஒரே தரப்பு. எனக்குப் பெரிய தவறாகத் தெரிவது இதுதான். இதயம் யாருக்குத் தேவையோ அவர்கள் பக்கத்து டாக்டரே "இவர் இறந்துவிட்டார்" என்று சொன்னால், பெற்றவர்கள் கொடுக்கும் சம்மதத்துக்கு என்ன அர்த்தம்?

இதயம் பெற்ற இளைஞரைப் பற்றியும் சந்தேகம் இருந்தது. வால்வை மாற்றினால் போதும் என்றுதான் அவரை அனுப்பி வைத்தோம் என்றார் முதலில் பார்த்த மருத்துவர். வாடாமீது கொலைப் புகார் கொடுக்கப்பட்டது. போதுமான ஆதாரம் இல்லை என்று 1970இல் வழக்கைக் கைவிட்டார்கள். குற்றவாளி என்றும் தீர்ப்பாகவில்லை, நிரபராதி என்றும் தீர்ப்பாகவில்லை. நீதிமன்றத்துக்கே போயிருந்தால் ஏதாவது ஒரு பக்கம் முடிந்திருக்கும். முடியாமல் போனதால் சந்தேகம் அப்படியே மக்கள் மனதில் தங்கிவிட்டது.

அதன்பிறகு 31 வருடம் ஜப்பானில் ஒரு இதய மாற்றுகூட நடக்கவில்லை. வசதியும் திறமையும் இருந்தும்! பணம் திரட்டி அமெரிக்காவுக்குப் போனவர்கள் உண்டு. போக முடியாதவர்கள் இறந்தார்கள். இன்னொரு பக்கம், உயிரோடிருப்பவரின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து வைக்கும் முறை அங்கே வேகமாக வளர்ந்தது. 1989இல் ஷிமானே மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒரு தந்தை தன் குழந்தைக்குக் கொடுத்ததுதான் அங்கே முதல். இறந்தவரிடம் கேட்கப் பயந்த நாடு, பெற்றோரிடம் கேட்டது.

1997இல் ஒருவழியாகச் சட்டம் வந்தது. படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. உறுப்பு தானம் செய்கிறேன் என்று ஒருவர் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும், குடும்பமும் மறுக்கக் கூடாது. அப்போதுதான் மூளைச்சாவு "சாவு" ஆகும். ஆக, பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரே நிலையில் இருவர் இருந்தால், எழுதி வைத்தவர் இறந்தவர், எழுதாதவர் உயிரோடு இருப்பவர்! 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் எழுத்து செல்லாது என்பதால் சிறு குழந்தைகளுக்கு இதயம் கிடைக்க வழியே இல்லை.

இந்தச் சட்டப்படி முதல் தானம் 1999 பிப்ரவரியில் கோச்சி நகரில் நடந்தது (நம்ம கொச்சி இல்லை!). முதல் சோதனையில் மூளை அலை தென்பட்டதால் மூளைச்சாவு இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். சில நாள் கழித்து மறுபடி சோதித்து உறுதியான பிறகே இதயம் ஒசாகாவுக்குப் போனது. 1968இல் செய்யாததை எல்லாம் இப்போது ஒவ்வொரு படியாகச் செய்தார்கள். ஆனால் பத்திரிகைக்காரர்கள் கூட்டமாகக் குவிந்து அந்தக் குடும்பத்தைப் படுத்திய பாடு தனிக் கதை.

2009இல் சட்டத்தைத் திருத்தினார்கள், 2010 ஜூலையில் அது முழுதாக அமலுக்கு வந்தது. எழுதி வைக்காதவருக்குக் குடும்பமே சம்மதிக்கலாம், குழந்தைகளும் தானம் செய்யலாம் என்றானது. அப்படியும், மூளைச்சாவுக்குப் பின் உறுப்பு தந்தவர்களின் மொத்த எண்ணிக்கை 1000ஐத் தொட்டது 2023 அக்டோபரில்தான்.

இப்போது அங்கே ஓட்டுநர் உரிமத்தின் பின்பக்கத்தில் மூன்று எண்கள் இருக்கின்றன. மூளைச்சாவிலும் தருவேன் என்றால் 1, இதயம் நின்ற பிறகு மட்டும் என்றால் 2, தரமாட்டேன் என்றால் 3. மூன்றைச் சுழித்தவரின் உறுப்பைக் குடும்பமே கொடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது.