முன்பே வெளிவந்த எழுத்து

சிறுகதைப் போட்டி அறிவித்தல்களில் "வேறெங்கும் பிரசுரமாகாத ஆக்கம்" என்ற நிபந்தனையைக் காணும்போதெல்லாம் 2003ஆம் ஆண்டின் ஒரு பிற்பகல் எனக்கு நினைவுக்கு வரும். அப்போது நான் கொழும்பில் ஞாயிறு இதழொன்றின் இலக்கியப் பக்கத்துக்குப் பொறுப்பாயிருந்தேன். கனடாவிலிருந்து ஒரு பெண் சிறுகதையொன்றை அனுப்பியிருந்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்த இரவு, நாவற்குழிப் பாலத்தடியில் ஒரு தாய் மணிக்கணக்காக நின்ற கதை. பக்கத்தில் சேர்த்தும்விட்டேன். பின்னர் அதே கதை ஜியோசிற்றீஸ் இணையத்தளத்தில் அவருடைய பக்கத்தில் ஏற்கனவே இருப்பது தெரியவந்தது. "பழஞ்சோற்றைப் பரிமாறுவதா?" என்றார் ஆசிரியபீடத்து மூத்தவர் ஒருவர். இரண்டு வரிக் கடிதத்துடன் கதையைத் திருப்பி அனுப்பினேன்.

முன்னர் வெளிவந்தால் பின்னர் விலைபோகாது என்ற அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் குறைவு. சார்ள்ஸ் டிக்கென்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' 1836இலிருந்து மாதந்தோறும் ஒரு ஷில்லிங் விலையில் பகுதி பகுதியாக வந்து, 1837இல் நூலாயிற்று. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. வாசகர்கள் அப்பக்கங்களைக் கிழித்தெடுத்துத் தாமே கட்டி வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டு அலுமாரியிலும், அட்டை கழன்ற நிலையில், அப்படியொரு கட்டு இருந்தது. 1999இல் தமிழ்நாட்டு அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கியது. மதுரைத் திட்டத்தில் எவரும் அந்நாவலை இலவசமாக வாசிக்கலாம். ஆயினும் பதிப்பகங்கள் பல அதை இன்றும் அச்சிட்டு விற்கின்றன. இங்கே, கைலாசபதி ஆசிரியராயிருந்த காலத்துத் தினகரனில் தொடராக வந்த இளங்கீரனின் 'நீதியே நீ கேள்' 1962இல் நூலுருப் பெற்றது.

இணையம் வந்த பின்னரும் இதுவே நடந்தது. அமெரிக்கரான அன்டி வியர், 'த மார்ஷன்' நாவலை 2009 முதல் தம் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகவே இட்டார். வாசகர்கள் கேட்டதற்கிணங்க 2011இல் 99 சதத்துக்கு மின்னூலாக்கினார். 2014இல் கிரௌன் பதிப்பகம் அதை வெளியிட்டது, மறு ஆண்டே திரைப்படமும் வந்தது. வாசகர் கூட்டம் ஏற்கனவே திரண்டிருப்பது நூற்பதிப்பாளருக்கு நட்டமன்று.

பத்திரிகையும் போட்டியும் வேறு கணக்கின. அவை வாங்குவது முதற் பிரசுர உரிமையை. போட்டியில் அந்நிபந்தனை நியாயமானதே. இணையத்தில் கிடக்கும் கதையை எழுதியவர் யாரென நடுவர் நொடியில் அறிந்துவிடுவார். ஆகவே போட்டிக்கோ சஞ்சிகைக்கோ அனுப்ப எண்ணுபவர் முடிவு தெரியும்வரை ஆக்கத்தைக் கையில் வைத்திருப்பதே நல்லது. நூலாக்க எண்ணுபவருக்கு அந்தக் கவலை அவ்வளவாக வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் ஞாயிறு இதழுக்கு அந்த நிபந்தனை எதற்கு? 2002இல் ஏ9 பாதை திறக்கப்பட்ட பின் எங்கள் பத்திரிகை வன்னிக்கும் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாலத்தைக் கடந்து சென்றவர்கள் பலர் அங்கேதான் இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் கணினித் திரையைக் கண்டிருப்பர்? அவர்களுக்கு அது பழஞ்சோறன்று. அன்று மூத்தவரிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

1981இல் யாழ்ப்பாணத்தில் பொது நூலகமும் ஈழநாடு பணிமனையும் எரிந்தபோது, ஓரிடத்தில் மட்டும் இருந்த எழுத்துக்கு நேர்வது என்னவென்று நாம் கண்டிருக்கிறோம். ஜியோசிற்றீஸை எவரும் எரிக்கவில்லை. 2009 ஒக்டோபரில் யாகூ நிறுவனம் அதை மூடிவிட்டது. அதன் பக்கங்களிற் பலவற்றை ஆர்வலர்கள் பிரதியெடுத்துக் காத்தனர். அவற்றுள் இந்தக் கதையைத் தேடினேன், கிடைக்கவில்லை. நாம் பிரசுரித்திருந்தால், அந்த ஞாயிறு இதழ் சுவடிக்கூடத்திலாவது இருந்திருக்கும். அப்பெண்ணின் மின்னஞ்சல் முகவரியும் இப்போது இயங்குவதில்லை.