படையில் சேர்ந்தால் சொன்ன வேலை கிடைக்குமா?

சமையல்காரர், சாரதி, மின் வேலை செய்பவர், உதவியாளர், பின்தளக் காவலர். ரஷ்ய இராணுவத்தில் சேர்வதற்காக இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் புறப்பட்டுப் போனவர்களில் பலரிடம் முகவர்கள் சொன்ன வேலைகள் இவைதாம். வெளிவிவகார அமைச்சர் விஜித ஹேரத் 2025 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவித்த கணக்கின்படி, அவ்வாண்டு ஜனவரி 20ஆம் திகதி வரையில் 554 இலங்கையர் ரஷ்யப் படையில் இணைந்திருந்தனர். அவர்களில் 59 பேர் உயிரிழந்துவிட்டனர். பத்துப் பேருக்கு ஒருவருக்கும் மேல். இவர்களில் போரிடப் போகிறோம் என்று தெரிந்தே போன முன்னாள் படையினரும் இருக்கிறார்கள். ஆனால் குசினிக்கும் லொறிக்கும் என்று நம்பிப் போனவர்களையும் சேர்த்துத்தான் இந்த எண்ணிக்கை.

இதைப்பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், வன்னியில் செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருவதுதான். கிளிநொச்சியில் ஒரு தாயார் கேட்டார்: "பிள்ளை, முன்னுக்கு விடமாட்டாங்களாம். குசினி வேலைதானாம். எழுதியும் தருவாங்களாம். நம்பலாமோ?"

"எந்தப் பாசையில எழுதித் தருவினமாம் அம்மா?"

"அது அவங்கட பாசையிலதானே."

அந்தத் தாயாருக்கு அன்று பத்து நிமிடத்தில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், இராணுவங்கள் வேலையை எப்படிப் பிரித்துக் கொடுக்கின்றன என்பதைப் பார்க்கவேண்டும். கடையிலோ கம்பனியிலோ வேலைக்குச் சேருபவர் ஒரு வேலைக்குச் சேருகிறார். படையில் சேருபவர் படைக்குச் சேருகிறார். அவருக்கு என்ன வேலை என்பது அதற்குப் பிறகு கட்டளையாக வருவது, கட்டளையாலேயே மாறக்கூடியது. இலங்கை இராணுவத்தின் ஆட்சேர்ப்பில் பொதுக்கடமைச் சிப்பாய்கள் வேறாகவும், சாரதி, எழுதுவினைஞர், தொழில்நுட்பவியலாளர் போன்ற தொழிற்பிரிவினர் வேறாகவும் சேர்க்கப்படுவது உண்மை. ஆனாலும் இருவரும் 1949ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின் கீழேயே வருகிறார்கள். எழுதுவினைஞராகச் சேர்ந்தவரும் அடிப்படைப் பயிற்சி எடுக்கவேண்டும், துப்பாக்கி பிடிக்கவேண்டும். வேலை பிடிக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதி மேசையில் வைத்துவிட்டு அவர் வீட்டுக்கு வரமுடியாது. வந்தால் அவர் தப்பியோடியவர், இராணுவ நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர். 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட பொதுமன்னிப்புக் காலத்தில் 15,000க்கும் மேற்பட்ட தப்பியோடிய படையினர் சட்டப்படி விலக்கப்பட்டார்கள் என்ற செய்தி நினைவிருக்கும். ஒரு வேலையை விட்டு விலகுவதற்கு அரசாங்கத்தின் மன்னிப்பு தேவைப்படுகிறதென்றால், அது எப்படிப்பட்ட வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

விரும்பிய வேலையை எழுத்தில் உறுதிசெய்து கொடுக்கும் படைகளும் உண்டு. அமெரிக்கத் தரைப்படையில் சேர விரும்புபவர் ஒரு திறன் பரீட்சை எழுதுகிறார். அதன் புள்ளிக்கேற்ற வேலைகளில், இடம் இருப்பவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்கிறார். அந்த வேலையின் குறியீட்டு இலக்கம் ஒப்பந்தத்தின் இணைப்பில் எழுதப்படுகிறது. அங்குகூட மரைன் படையில் பலருக்குத் தனி வேலைக்குப் பதிலாக ஒரு வேலைத் தொகுதிதான் உறுதியளிக்கப்படுகிறது. தெரிந்த வேலைக்கான பயிற்சியில் தேறாவிட்டால் படைக்கு எங்கே ஆள் தேவையோ அங்கே அனுப்புவார்கள். அந்த ஒப்பந்தப் படிவத்தில் கவனிக்கவேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. இதிலும் இணைப்புகளிலும் எழுதப்பட்டவை மட்டுமே அரசின் வாக்குறுதி, வேறு எவர் எதைச் சொல்லியிருந்தாலும் அது செல்லாது என்ற பொருள்பட அதில் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆள் சேர்க்கும் அதிகாரி வாயால் சொன்னவை அத்தனையும் அந்த ஓர் இடத்தில் இல்லாமல் போய்விடுகின்றன. காலமும் அப்படித்தான். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது ஒப்பந்தக்காலம் முடிந்த படையினர் பலரை அமெரிக்கா வீட்டுக்கு விடாமல் தொடர்ந்து வைத்திருந்தது. அதற்கும் சட்டத்தில் இடமிருந்தது.

தன் சொந்தப் பிரஜைகளுக்கு, அவர்களது மொழியில், அவர்களது நீதிமன்றங்களின் கண்ணெதிரே எழுதப்படும் ஒப்பந்தத்தின் நிலை இது. இனி ரஷ்ய மொழி ஒப்பந்தத்துக்கு வருவோம்.

2022 செப்டெம்பர் 21ஆம் திகதி ஜனாதிபதி புட்டின் பகுதியளவிலான படைதிரட்டலை அறிவித்தார். அந்த ஆணையில் உள்ள ஒரு விதி, படைதிரட்டல் காலம் முடிவடையும்வரை படையினரின் ஒப்பந்தங்கள் தொடர்ந்து நடைமுறையில் இருக்கும் என்கிறது. வயது, உடல்நிலை, சிறைத்தண்டனை ஆகிய காரணங்களுக்காக மட்டுமே ஒருவர் விடுவிக்கப்படலாம். ஆகவே தாளில் ஓராண்டு என்று எழுதியிருந்தாலும் அந்த ஓராண்டுக்கு முடிவுத் திகதி இல்லை. அதே செப்டெம்பரில் சேவையை விட்டுப் போவோருக்கும் கட்டளையை மறுப்போருக்கும் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 2024 ஜனவரியில் வந்த மற்றோர் ஆணை, குறைந்தது ஓராண்டுக்கு ஒப்பந்தம் செய்யும் வெளிநாட்டவருக்கும் அவரது குடும்பத்துக்கும் குடியுரிமை பெறும் வழியை இலகுவாக்கியது. முகவர்கள் இந்தக் கடைசி ஆணையைப் பற்றி நன்றாகவே விளக்குகிறார்கள். முதல் இரண்டையும் பற்றிப் பேசுவதில்லை.

மாதம் 2,000 டொலருக்கு மேல் சம்பளம், குடியுரிமை, பிறகு குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தப் பேச்சு முதலில் எடுபட்டது தென்னிலங்கையின் முன்னாள் படையினரிடம். 2024 மே மாதத்தில் முறைப்பாடுகளைத் திரட்டிய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர், 288 முன்னாள் படையினர் போயிருப்பதாகவும் 16 பேர் இறந்திருப்பதாகவும் சொன்னார். அதே மாதம் இந்த ஆட்கடத்தல் தொடர்பில் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவரே கைதுசெய்யப்பட்டார். ஜூனில் இலங்கைத் தூதுக்குழு மொஸ்கோவுக்குப் போனது. அவ்வாண்டின் இறுதிப்பகுதியில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் முறைப்பாடுகளும் வெளிவந்தன. அந்த இளைஞர்கள் படையில் சேரக் கிளம்பியவர்களே அல்லர். ஐரோப்பாவுக்கு என்று முகவருக்குக் காசு கட்டி, ரஷ்யாவில் இறக்கப்பட்டு, இராணுவத்தில் தள்ளப்பட்டவர்கள் என்று உறவினர் சொல்கிறார்கள். ரஷ்யத் தரப்போ எவரையும் பலவந்தமாகச் சேர்க்கவில்லை, எல்லோரும் விரும்பிக் கையொப்பமிட்டவர்கள் என்கிறது. வாசிக்கத் தெரியாத மொழியில் போட்ட கையொப்பத்தை விருப்பம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் இங்கே உள்ள வழக்கு.

சரி, சொன்னபடியே குசினி வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அது பாதுகாப்பான வேலைதானா? முள்ளிவாய்க்கால் வரை போய்வந்த எங்கள் வாசகர்களுக்குப் பின்தளம் என்ற சொல்லின் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை. உக்ரேன் போரில் ட்ரோன்கள் அந்தச் சொல்லை இன்னும் சுருக்கிவிட்டன. முன்னரங்கிலிருந்து பல கிலோமீற்றர் பின்னால் உணவும் எறிகணையும் ஏற்றிவரும் வாகனங்களே அவற்றின் விருப்பமான இலக்கு. சாரதி என்றால் அந்த வாகனத்தை ஓட்டுபவர். உதவியாளர் என்றால் பதுங்குகுழி வெட்டுபவர், காயப்பட்டவர்களைத் தூக்குபவர். குஜராத்தின் சூரத் நகரிலிருந்து உதவியாளர் வேலைக்கென்று போன 23 வயது இளைஞர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கொல்லப்பட்டபோதுதான் இந்தியாவில் இந்த விவகாரம் பெரிதாக வெடித்தது. 2024 ஜூலையில் பிரதமர் மோடி மொஸ்கோவில் இதை நேரடியாக எழுப்பினார். 2025 ஜனவரியில் இந்திய வெளியுறவு அமைச்சு கொடுத்த கணக்கில், ரஷ்யப் படையில் இருந்த 126 இந்தியர்களில் 96 பேர் விடுவிக்கப்பட்டு நாடு திரும்பியிருந்தனர். 12 பேர் இறந்திருந்தனர், 16 பேரைக் காணவில்லை. திரும்பியவர்கள் ஒப்பந்தத்தின் எந்த வரியைக் காட்டியும் வெளியே வரவில்லை. ஒரு பெரிய அரசு இன்னோர் அரசிடம் கேட்டு வாங்கியது அது. எங்களுக்காக அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள் என்பது தனியாக எழுதவேண்டிய கட்டுரை.

சொன்ன வேலை ஒன்று, கிடைத்தது இன்னொன்று என்ற கதை வன்னிக்குப் புதிதுமல்ல. 2012 நவம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இலங்கை இராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். நல்லிணக்கத்தின் அடையாளம் என்று அரசாங்கம் அதைக் கொண்டாடியது. அலுவலக வேலை, எழுதுவினைஞர் வேலை என்று நம்பியே பிள்ளைகள் போனார்கள் என்று குடும்பங்களும் பெண்கள் அமைப்புகளும் அப்போது கூறின. போரில் உழைக்கும் ஆணை இழந்த வீடுகளுக்கு அந்தச் சம்பளம் பெரிய தொகை. அடுத்த மாதமே அவர்களில் ஒரு தொகுதியினர் கிளிநொச்சி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டனர். என்ன நடந்தது என்பதில் படைத்தரப்பு ஒன்றைச் சொன்னது, தமிழ் அரசியல் தரப்பும் பெண்கள் அமைப்புகளும் வேறொன்றைச் சந்தேகித்தன. எனக்கு அந்தச் சர்ச்சையைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முந்திய நாள்தான். எழுதுவினைஞர் என்ற சொல் எந்தத் தாளில், எந்த மொழியில் இருந்தது?

இன்னொரு வடிவம் சிவில் பாதுகாப்புத் திணைக்களம். ஊர்காவல் படையிலிருந்து 2006இல் உருவாக்கப்பட்டு, பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குவது. போருக்குப் பிறகு வன்னியில் புனர்வாழ்வு பெற்ற முன்னாள் போராளிகளையும் வறிய குடும்பங்களின் பிள்ளைகளையும் பண்ணைகளுக்கும் முன்பள்ளிகளுக்கும் அது வேலைக்கு எடுத்தது. இங்கே சொன்ன வேலை கிடைத்தது என்பதைச் சொல்லியாகவேண்டும். ஆசிரியை என்று போனவர் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார், தோட்டம் என்று போனவர் தோட்டம்தான் செய்தார். சம்பளமும் சாதாரண முன்பள்ளி ஆசிரியை ஒருவரின் கொடுப்பனவைவிடப் பல மடங்கு. ஆனால் சம்பளம் வரும் திணைக்களம் படைத்துறைக்குரியது, மேலே இருப்பவர் இராணுவ அதிகாரி. 2018 ஜூனில் விசுவமடுவில் அப்படியோர் அதிகாரி இடமாற்றம் பெற்றபோது மக்கள் அழுது வழியனுப்பிய படங்கள் நாடெங்கும் பரவின. தெற்கில் சிலர் அதை வெற்றி என்றார்கள், எங்களில் சிலர் துரோகம் என்றார்கள். இரண்டு பேச்சும் எனக்கு உவப்பில்லை. மூன்று பிள்ளைகளுடன் மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் ஒருத்தி, அந்தச் சம்பளம் ஓர் ஆளின் நல்லெண்ணத்தில் தங்கியிருக்கிறது என்று உணர்ந்தால் அந்த ஆள் போகும்போது அழத்தான் செய்வாள்.

எங்கள் பக்கத்தையும் மறைக்கவேண்டியதில்லை. இறுதிப்போர்க் காலத்தில் வீட்டுக்கொருவர் என்று பிள்ளைகள் பிடிக்கப்பட்டபோது, மருத்துவப் பிரிவுக்கு விடுவார்கள், நிர்வாக வேலைக்கு விடுவார்கள் என்று தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்ட பெற்றோரை எனக்குத் தெரியும். காவலரணில் ஆள் குறைந்தபோது எந்தப் பிரிவும் பிரிவாக இருக்கவில்லை. ஆள் குறையும்போது எல்லாப் படைகளும் செய்வது இதைத்தான்.

ஆகவே யாராவது உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் படை சார்ந்த வேலை ஒன்றைச் சொன்னால், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் கேட்கவேண்டியவை சில இருக்கின்றன. கையொப்பமிடப் போவது ஒரு கம்பனியுடனா, ஒரு நாட்டின் பாதுகாப்பு அமைச்சுடனா? பாதுகாப்பு அமைச்சு என்றால் குசினியும் லொறியும் வெறும் பேச்சு. ஒப்பந்தத்தின் பிரதியைப் பயணத்துக்கு முன்னரே இங்கே அனுப்பச் சொல்லுங்கள். அங்கே போனதும் தருவோம் என்றால் அதுவே பதில். பிரதி வந்தால், முகவருக்குத் தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்து வாசியுங்கள். வேலையின் பெயர், சேவை முடியும் திகதி, இடையில் விலகும் வழி, காயமடைந்தாலோ இறந்தாலோ யாருக்கு என்ன கிடைக்கும் என்ற நான்கும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் போகச் சொல்லுகிறார்களா என்பதையும் கவனியுங்கள். அப்படிப் போகிறவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் எந்தப் பதிவிலும் இருக்கமாட்டார். முகவருக்கு உரிமம் உண்டா, அவர் சொல்லும் வேலைக்கு அனுமதி உண்டா என்பதைப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். காசு கட்டிய பிறகு விசாரிப்பவர்கள்தான் அதிகம்.

பிள்ளை ஏற்கெனவே போய்விட்டார் என்றால், வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் எழுத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். கொழும்புக்குப் போகத் தேவையில்லை, யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலேயே அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. கடவுச்சீட்டின் பிரதி, விமானச்சீட்டு, முகவருக்குக் காசு கட்டிய பற்றுச்சீட்டு அல்லது வங்கிப் பதிவு, முகவரின் தொலைபேசி இலக்கங்கள், பிள்ளை அனுப்பிய படங்கள், சீருடையில் தெரியும் அடையாள இலக்கம், கடைசியாகப் பேசிய திகதியும் அப்போது சொன்ன இடத்தின் பெயரும் அதனுடன் சேரவேண்டும். வட்ஸ்அப் உரையாடல்களை அழிக்காமல் வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் திகதியிட்ட பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கோப்பை எப்படி ஒழுங்காக வைத்திருப்பது என்று தெரியாவிட்டால், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரில் ஒருவரிடம் கேளுங்கள். அவர்களது பைகளில் 2009ஆம் ஆண்டிலிருந்து ஒரு தாள்கூடத் தவறவில்லை.