வயிற்றுக்குள் அரை கிலோ தலைமுடி: தொக்கம் எடுத்தால் வருமா?

மன்னார்குடி: "புள்ள சரியா சாப்பிட மாட்டேங்குது, சாப்பிட்டா வாந்தி எடுக்குது, தொக்கம் விழுந்திருக்கும்" என்று தொக்கம் எடுப்பவரிடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது டெல்டா கிராமங்களில் இன்றும் உண்டு. ஆனால் வயிற்றில் நிஜமாகவே முடி அடைத்திருந்தால், ஊதினாலும் தடவினாலும் வெளியே வராது.

கோவையில் 2020 ஜனவரியில் 13 வயது சிறுமி தீராத வயிற்று வலியுடன் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்கேனில் பந்து போன்ற கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்து அரை கிலோ தலைமுடியையும், காலி ஷாம்பு பாக்கெட்டுகளையும் டாக்டர்கள் அகற்றினர். அமெரிக்காவின் சிகாகோவில் 18 வயது பெண்ணின் வயிற்றில் இருந்து சுமார் 4.5 கிலோ முடி எடுக்கப்பட்ட விவரம் 2007-ல் வெளியானது.

எப்படி அடைக்கிறது?

முடி செரிக்காது. வழுவழுப்பாக இருப்பதால் உணவோடு நகராமல் இரைப்பை மடிப்புகளில் தங்கிவிடும். அதில் சாப்பாடும் சளியும் ஒட்டி, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் உருண்டையாகிறது. சிலருக்கு அது வால் போல சிறுகுடலுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். நீளக் கூந்தல் கதை நாயகியின் பெயரால் இதற்கு 'ரபுன்செல் நோய்' என்று பெயர். கவனிக்காமல் விட்டால் குடல் ஓட்டையாகி உயிருக்கே ஆபத்து.

அறிகுறிகள் என்ன?

நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, அடிக்கடி வாந்தி, உடல் மெலிவு, ரத்தசோகை, மேல்வயிற்றில் கெட்டியான கட்டி, தலையில் அங்கங்கே சொட்டை. பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் சிறுமிகளும் இளம்பெண்களும்தான்.

வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். பேதி மருந்து, கை வைத்தியம் எதுவும் கூடாது. சாப்பாடும் கொடுக்காமல், 108 ஆம்புலன்சில் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அடித்தால் நிற்காது

முடியைப் பிய்த்துத் தின்பது திமிரும் அல்ல, செய்வினையும் அல்ல. மனக்கவலை, பயம், வீட்டில் நடந்த சாவு போன்றவை காரணமாகலாம். இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்திருக்கலாம். ஆபரேஷனோடு விட்டுவிட்டால் மறுபடியும் முடி சேரும். அதனால் மனநல சிகிச்சையும் அவசியம்.

14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும்.