அண்ணாவியார் கம்பஸுக்குப் போன கதை

மட்டக்களப்பில் கூத்துக்கு இன்று ஒரு மரியாதை இருக்கிறது. பாடசாலை விழாக்களில் கூத்து உண்டு. மாணவர் போட்டிகளில் கூத்து உண்டு. பல்கலைக்கழகத்தில் அதைப் பாடமாகவே படிக்கலாம். இது எந்நாளும் இப்படித்தான் இருந்தது என்று இளையவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்று எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். கூத்தாடுகிறவனை ஊர் கொண்டாடியது, ஆனால் படித்தவர்கள் அவனை ஒரு கலைஞன் என்று எண்ணவில்லை. அந்த எண்ணம் மாறியதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தெரிந்த அளவில் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஊர்க் கூத்து எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வேளாண்மை வெட்டி முடிந்து கையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்தை ஆடுவது என்று பேசுவார்கள். அண்ணாவியாரை வெற்றிலை வைத்து அழைப்பார்கள். அவர் ஆளையும் குரலையும் பார்த்து யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தீர்மானித்து அவரவருக்குரிய பாட்டைக் கொடுப்பார். இதைத்தான் சட்டம் கொடுத்தல் என்றோம். பிறகு மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்கம் நடக்கும். ஆட்டம் காலில் ஏறிய பிறகுதான் சதங்கை அணிவார்கள். அடுக்குப் பார்த்தல் முடிந்தால் அரங்கேற்றம். வட்டக்களரியின் நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். பக்கத்தில் சல்லரிக்காரர், ஏடு பார்த்துச் சொல்பவர், பிற்பாட்டுக்காரர். களரியைச் சுற்றிச் சனம் பாய் விரித்து இருக்கும். தொடங்கினால் விடியத்தான் முடியும்.

நெல் விதைக்கிறவரும் மீன் பிடிக்கிறவரும் அந்த ஒரு இரவுக்கு அரசராகவும் அமைச்சராகவும் நின்றார்கள். விடிந்ததும் பழையபடி வயலுக்கும் கடலுக்கும் போனார்கள். ஆங்கிலம் படித்து உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்கு. அவர்களுக்கு நாடகம் என்றால் மண்டபத்தில் திரை கட்டி, காட்சி மாற்றி ஆடுவதுதான்.

இந்தப் பார்வை திரும்பியது பேராதனையில். 1956ஆம் ஆண்டு பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத் துறையையே அது புரட்டிப் போட்டது. அவர் புதிதாக ஒன்றையும் எங்கிருந்தோ இறக்குமதி செய்யவில்லை. கிராமங்களில் கிடந்த 'நாடகம' என்ற பழைய ஆட்டமுறையை எடுத்து, அது தெரிந்த குருவைக் கொண்டு பல்கலைக்கழக மாணவருக்குப் பழக்கினார். அந்த 'நாடகம' தமிழ்க் கூத்திலிருந்து வந்தது என்று அவரே எழுதியும் இருக்கிறார். அப்படியானால் மூலத்தை வைத்திருக்கும் நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி அங்கிருந்த தமிழ்ப் பேராசிரியர்களுக்கு வந்ததில் வியப்பில்லை.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் தெல்லிப்பழையில் பிறந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவர் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுத் தலைவராகவும் இருந்தார். மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய் அண்ணாவிமாரைத் தேடிச் சந்தித்தார். கூத்துப் போட்டிகள் நடத்தினார். ஏட்டிலும் கொப்பியிலும் கிடந்தவற்றை அச்சேற்றினார். அலங்காரரூபன் நாடகம், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம், மூவிராசாக்கள் நாடகம் எல்லாம் 1960களில் அப்படி நூலானவைதான். ஒரு வீட்டுப் பெட்டிக்குள் கறையானுக்குப் பயந்து கிடந்த பாட்டு, நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அவர் செய்த பெரிய காரியம் அச்சுப் புத்தகம் அல்ல என்பது என் எண்ணம். அண்ணாவியாரைக் கம்பஸுக்கு அழைத்ததுதான் பெரிய காரியம். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பேராதனைக்குப் போய் மாணவருக்குத் தாளக்கட்டும் ஆட்டமும் பழக்கினார். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறியது. அது வடமோடி. அடுத்த ஆண்டு தென்மோடியில் 'நொண்டி நாடகம்'. 1964இல் 'இராவணேசன்', 1968இல் 'வாலிவதை'. 'இராவணேசன்' எழுதியவர் அப்போது மாணவராக இருந்த எங்கள் மட்டக்களப்பு சி. மௌனகுரு. பட்டப்படிப்புக்குப் போன பிள்ளைகள், பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் இல்லாத ஒரு பெரியவர் முன்னால் நின்று, "அண்ணாவியார், இந்த அடி சரியா?" என்று கேட்கிற நிலை வந்தது. அந்தக் காலத்தில் இது சிறிய விடயம் அல்ல.

அதற்காகக் கூத்தும் சில மாற்றங்களுக்கு உட்பட்டது. விடிய விடிய ஆடியது ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. நாலு பக்கமும் சனம் இருந்த களரி போய், ஒரு பக்கம் மட்டும் சபை இருக்கிற மேடை வந்தது. நடுவில் நின்ற அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் மேடையின் ஓரத்துக்குப் போனார்கள். திரும்பத் திரும்ப வரும் பாட்டுகள் குறைந்தன. அவரவர் பாத்திரத்தின் மனநிலைக்கு நடிப்பு கூடியது. ஒளியும் உடையும் ஒழுங்காயின. இதைப் பார்த்த நகரத்துச் சபையோர், "இது நம்முடையதா?" என்று கேட்டார்கள். கூத்துப் பார்க்காத ஒரு சபை கூத்துக்குக் கிடைத்தது.

ஊரில் இதைப் பற்றி இரண்டு பேச்சு இருந்தது. "எங்கட கூத்தைப் பெரிய இடத்தில ஆடுறாங்கள்" என்ற பெருமை ஒன்று. "வரவாட்டத்தையே வெட்டிப் போட்டால் பிறகென்ன கூத்து?" என்ற மனத்தாங்கல் மற்றது. இரண்டிலும் நியாயம் உண்டு. ஒரு அரசன் களரிக்கு வந்து தன் வரவை முழுதாக ஆடி முடிக்க எடுக்கும் நேரத்தில், மேடைக் கூத்தில் பாதிக் கதை போய்விடும். ஆனால் அந்த வரவில்தான் ஆட்டக்காரன் தன் திறமையைக் காட்டுவான், அவனுடைய தாய் தகப்பன், மாமன் மச்சான் எல்லாரும் பார்த்து மகிழ்வார்கள். ஊர்க் கூத்துக்குச் சபை என்பது சொந்தக்காரர் கூட்டம். மேடைக் கூத்துக்குச் சபை என்பது பார்வையாளர். வித்தியானந்தன் கூத்தைப் பார்வையாளரிடம் கொண்டு போனார். திரும்பி அதை ஊருக்கும் கொண்டு வருவது அடுத்த தலைமுறையின் வேலையாக மிஞ்சியது.

அந்தத் தலைமுறைக்குக் காலம் நல்லதாக இருக்கவில்லை. 1980களுக்குப் பிறகு இரவு என்றால் பயம். ஊரடங்கு, சுற்றிவளைப்பு, இடப்பெயர்வு. இளம் ஆண்கள் ஊரில் இல்லை, இருந்தாலும் இரவில் வெளியே இல்லை. விடிய விடிய ஆடுவதற்கு இரவு வேண்டுமே! பல ஊர்களில் களரி வருடக்கணக்காக வெறுமையாகக் கிடந்தது. உடுப்பும் கிரீடமும் ஏடும் வீடுகளோடு சேர்ந்து போயின. அந்த ஆண்டுகளில் கூத்து முற்றாக அழியாமல் நின்றதற்குப் பாடசாலைகளும் பல்கலைக்கழகமும் ஒரு காரணம் என்று சொல்வதில் தவறில்லை. குறுகிய மேடைக் கூத்தைப் பகலிலும் ஆடலாம், ஒரு வகுப்பறையிலும் பழகலாம். ஊர்ப் பெரியவர்கள் குறையாகச் சொன்ன அந்தச் சுருக்கமே கெட்ட காலத்தில் கைகொடுத்தது.

காலம் எப்படி வட்டமிடுகிறது பாருங்கள்! செல்லையா அண்ணாவியார் பேராதனைக்கு மலையேறிப் போனார். 1981இல் அவருடைய வந்தாறுமூலையிலேயே பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. கல்லடியில் 1982இல் தொடங்கிய விபுலானந்த இசை நடனக் கல்லூரி பின்னர் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக அதனோடு சேர்ந்தது. மௌனகுரு பேராசிரியராகி, மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களைப் பற்றி விரிவான ஆய்வு நூலும் தந்தார்.

திரும்பி ஊருக்குப் போகும் வேலையையும் ஒருவர் எடுத்தார். கலாநிதி சி. ஜெயசங்கர் 2000களின் தொடக்கத்தில் சீலாமுனைக் கிராமத்துக் கூத்தரோடு சேர்ந்து செய்த முயற்சிக்குக் கூத்து மீளுருவாக்கம் என்று பெயர். அங்கே கூத்து மேடைக்குப் போகவில்லை, களரியிலேயே நின்றது. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது, பெண்களைக் கதை எப்படிக் காட்டுகிறது, சாதியைப் பற்றி என்ன சொல்கிறது என்றெல்லாம் ஊர்க் கூத்தரே கூடியிருந்து பேசித் தீர்மானித்தார்கள். பேராதனையில் அண்ணாவியார் கம்பஸுக்குப் போனார், சீலாமுனையில் கம்பஸ் களரிக்குப் போனது. ஒன்று இல்லாமல் மற்றது நடந்திருக்காது.

நான் பல வருடம் பாடசாலையில் படிப்பித்தவன். பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கியதை அருகில் இருந்து பார்த்தவன். போட்டிக்கென்று சில நிமிடக் கூத்துப் பழகுகிற பிள்ளைக்கு அடி வருகிறது, பாட்டு வருகிறது. மத்தளம் மட்டும் வருவதில்லை. அதற்குப் பல வருடம் வேண்டும், அண்ணாவியாரோடு இருக்க வேண்டும். போட்டி முடிந்ததும் அண்ணாவியாருக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுகிறோம். அடுத்த வருடம் போட்டி அறிவித்த பிறகுதான் அவர் ஞாபகம் வருகிறது. இப்படிப் போனால் ஆடுகிறவர் ஆயிரம் பேர் இருப்பார்கள், ஆட்டுவிக்க ஒருவர் இருக்க மாட்டார்.

இதை வாசிக்கிறவர்களில் பலர் பழைய மாணவர் சங்கங்களிலும் கோயில் நிருவாக சபைகளிலும் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் அண்ணாவியாரைக் கிழமையில் ஒரு பின்னேரம் பாடசாலைக்கு அழையுங்கள். போக்குவரத்துச் செலவோடு கௌரவமான ஒரு தொகையும் கொடுங்கள். மத்தளம் பழக இரண்டு பிள்ளைகளை அவரிடம் ஒப்படையுங்கள். வீட்டில் பழைய கூத்துக் கொப்பி இருந்தால் படம் எடுத்து வையுங்கள். வருடத்தில் ஒரு இரவாவது களரி கட்டி, பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி, விடியும்வரை பாருங்கள். இடையில் அவர்கள் நித்திரையானால் ஆகட்டும். நாங்களும் அப்படித்தான் பாயில் நித்திரையாகி, மத்தளச் சத்தத்தில் எழும்பிக் கூத்துப் படித்தோம்.